பின்னால் நடந்து கற்ற தலைமைத்துவம்: சில வரலாற்றுக் குறிப்புகள்

நூற்றாண்டு மலருக்கு ஒரு வரலாற்றுக் கட்டுரை வேண்டும் என்று சங்கத்திலிருந்து கேட்டபோது, பாடசாலையின் வரலாற்றை எழுத என்னிலும் தகுதியான ராத்தாமார் பலர் இருக்கிறார்கள் என்று தட்டிக்கழிக்கப் பார்த்தேன். "நீங்க டொக்டர்தானே, உங்களுக்குத் தெரிஞ்ச வரலாற்றை எழுதுங்க" என்று விடாப்பிடியாக நின்றார்கள். எனக்குத் தெரிந்த வரலாறு ஒரு பெயர்ப்பட்டியலில் இருந்து தொடங்குகிறது.

சில வருடங்களுக்கு முன்னர், மாணவர் பரிமாற்றத் திட்டமொன்றின் கீழ் கொழும்பில் தங்கியிருந்த மூன்று வெளிநாட்டு மாணவிகள் நான்கு நாட்களுக்குச் சாய்ந்தமருது வந்து எங்கள் வீட்டில் தங்கினார்கள். அவர்களுக்குக் கொடுக்கப்பட்டிருந்த வேலை விசித்திரமானது. ஊரின் தலைவர் ஒருவரைத் தெரிவுசெய்து, காலையிலிருந்து மாலை வரை அவரது நிழல்போலப் பின்னால் நடக்க வேண்டும். பேட்டி எடுக்கக் கூடாது. அவர் எப்படிப் பேசுகிறார், எங்கே பேசாமல் இருக்கிறார், கோபத்தை எப்படி விழுங்குகிறார் என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். இதற்காகப் பத்துப் பெயர்களை முன்கூட்டியே அனுப்பும்படி என்னைக் கேட்டிருந்தார்கள். இருந்த இருப்பிலேயே எழுதினேன்: பள்ளிவாசல் நம்பிக்கையாளர் இருவர், அதிபர் ஒருவர், மாநகர சபையில் இருந்தவர் ஒருவர், மீனவர் சங்கத்தில் ஒருவர், வர்த்தகர் ஒருவர்... பத்தும் நிரம்பிவிட்டது. உம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்தத் தாளை வாசித்தார். "இதில ஒரு பொம்பிளையும் இல்லையே மகள். நீயும் இல்லை" என்றார்.

வெட்கமாகத்தான் இருந்தது. அந்த வெட்கத்தில்தான் இந்த விடயத்தைக் கொஞ்சம் தேடி வாசித்தேன்.

பாடசாலை மாணவர்களை நாடுவிட்டு நாடு அனுப்பி அந்நியர் வீட்டில் பிள்ளைபோல் தங்கவைக்கும் வழக்கத்தைப் பரப்பியதில் ஏ.எஃப்.எஸ். என்ற அமைப்புக்குப் பெரும் பங்குண்டு. அது 1914இல் பாரிஸில், முதலாம் உலகப் போரில் அம்புலன்ஸ் ஓட்டுவதற்காகச் சேர்ந்த அமெரிக்கத் தொண்டர்களின் அமைப்பாகத் தொடங்கியது. இரண்டாம் போரும் முடிந்த பிறகு, 1947இல், காயப்பட்டவர்களை ஏற்றி இறக்கிக் களைத்த அதே அமைப்பு மாணவர் பரிமாற்றத்தைக் கையில் எடுத்தது. 2001 செப்டெம்பர் 11க்குப் பிறகும் இதேதான் நடந்தது. அடுத்த வருடமே செனட்டர்கள் கென்னடி, லூகர் இருவரின் முயற்சியால், முஸ்லிம்கள் கணிசமாக வாழும் நாடுகளின் பிள்ளைகளை அமெரிக்காவுக்கு அழைக்கும் 'யெஸ்' திட்டம் வந்தது. 2009இலிருந்து அமெரிக்கப் பிள்ளைகளும் மறுதிசையில் வரத் தொடங்கினார்கள். ஒவ்வொரு பெரிய இழவுக்குப் பிறகும் உலகம் தன் பிள்ளைகளை அடுத்தவர் வீட்டுக்கு அனுப்பிப் பார்த்திருக்கிறது.

எங்கள் நாட்டில் இதற்கு வேறொரு பாதையும் இருக்கிறது. எங்கள் பாடசாலைக்கு நூறு வயதாகும் இந்த நேரத்தில் இன்னொன்றுக்கும் நூறாகிறது என்பதைப் பலர் அறியமாட்டார்கள். 1926இல் களுத்துறையில் ரொக்பெல்லர் நிறுவனத்தின் உதவியோடு இலங்கையின் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கியது. நோய் வந்தபின் ஆஸ்பத்திரிக்கு வா என்று காத்திருக்காமல், ஒரு சிறிய நிலப்பரப்பைப் பிரித்து எடுத்து, வைத்திய அதிகாரி, பொதுச் சுகாதாரப் பரிசோதகர், மிட்வைப் ஆகியோர் வீடு வீடாகப் போவது என்ற ஏற்பாடு. இன்று எம்.ஓ.எச். என்று நாம் சொல்வதன் மூலம் அதுதான். களுத்துறை அன்றிலிருந்து ஒரு பயிற்சிக்களமாகவும் இருந்து வருகிறது. அங்கே பாடம் பெரும்பாலும் வகுப்பறையில் இல்லை. பயிலுநர் மிட்வைபின் பின்னால் ஒழுங்கைக்குள் நடப்பார். அவர் எந்த வீட்டில் உட்காருகிறார், எந்த வீட்டில் வாசலிலேயே நின்று பேசுகிறார், மாமியாரை எப்படிச் சமாளித்து மருமகளைத் தனியே கூப்பிடுகிறார் என்று பார்ப்பார். 1930களில் இந்த நாட்டில் ஓர் இலட்சம் உயிருள்ள பிறப்புகளுக்கு 2,000க்கும் மேற்பட்ட தாய்மார் இறந்தார்கள். இப்போது அது முப்பதை ஒட்டி நிற்கிறது. மலேரியா ஒழிப்பு, இலவசக் கல்வி, இலவச வைத்தியம், இரத்த வங்கி எல்லாவற்றுக்கும் இதில் பங்குண்டு. ஆனால் கர்ப்பிணியைத் தேடி வீட்டுக்கு வந்த அந்தப் பெண்ணை எடுத்துவிட்டால் மற்றவை பாதி வழியில் நின்றிருக்கும். வைத்தியராக இதைச் சொல்ல எனக்குத் தயக்கமில்லை.

1958 டிசம்பரில் கொழும்பு நாளந்தா கல்லூரியின் ஆசிரியர் ஏ.ரி. ஆரியரத்ன தன் மாணவர்களை கனத்தொலுவ என்ற கிராமத்துக்கு அழைத்துப் போனார். சாதியின் பெயரால் மற்ற ஊர்கள் ஒதுக்கிவைத்திருந்த கிராமம் அது. நகரத்துப் பிள்ளைகள் இரண்டு வாரம் அங்கேயே தங்கி, அந்த மக்களோடு சேர்ந்து வேலை செய்து, அவர்களோடு சாப்பிட்டார்கள். அதிலிருந்துதான் சர்வோதயம் பிறந்தது. கற்பிக்கப் போனவர்கள் கற்றுக்கொண்டு வந்தார்கள் என்பதே அந்த முகாமின் செய்தி. 1969இல் சமூகத் தலைமைத்துவத்துக்கான மக்சேசே விருது ஆரியரத்னவுக்குக் கிடைத்தது.

அதே விருதை 1979இல் பெற்றவர்கள் இரண்டு வைத்தியர்கள். வேலூர் மருத்துவக் கல்லூரியில் படித்த ரஜனிகாந்த் ஆரோளே, மேபெல் ஆரோளே தம்பதி. 1970இல் மகாராஷ்டிராவின் வறண்ட ஜாம்கெட் பகுதிக்குப் போய், ஒவ்வொரு கிராமமும் தானே தெரிவுசெய்த பெண்ணைச் சுகாதாரப் பணியாளராகப் பயிற்றினார்கள். அவர்களில் பலர் பாடசாலை வாசலை மிதிக்காதவர்கள். தீண்டாமையை அனுபவித்தவர்களும் அதில் இருந்தார்கள். பிறகு நடந்ததுதான் எனக்குப் பிடித்த பகுதி. உலகத்தின் பல நாடுகளிலிருந்து மருத்துவ மாணவர்கள் ஜாம்கெட்டுக்கு வரத் தொடங்கினார்கள். அவர்களுக்குக் கற்பித்தவர்களில் இந்தப் பெண்களும் இருந்தார்கள். எழுதப்படிக்கத் தெரியாதிருந்த ஒருத்தியின் பின்னால், பட்டம் பெறப்போகும் ஒருத்தி குறிப்புப் புத்தகத்தோடு நடந்து போவதை நினைத்துப் பாருங்கள்.

இனி நம் கரைக்கு வருவோம். 1969இல் டெனிஸ் மெக்கில்வ்ரே என்ற அமெரிக்க மானிடவியல் மாணவர் நமக்குத் தெற்கே அக்கரைப்பற்றில் வந்து தங்கினார். தமிழரும் முஸ்லிம்களும் பக்கத்துப் பக்கத்தில் எப்படி வாழ்கிறார்கள் என்று அவர்களுக்குள்ளேயே இருந்து பார்த்தார். நம் பெரியவர்களுக்குச் சோறும் தண்ணியும்போலப் பழகிப்போன ஒன்றை அவர் ஆய்வாக எழுதினார்: இந்தக் கரையில் குடி தாய்வழியாக வருகிறது. உம்மாவின் குடிதான் பிள்ளையின் குடி. கலியாணத்தின்போது வீடு மகளுக்குப் போகிறது. மாப்பிள்ளைதான் அந்த வீட்டுக்கு வருகிறார். பள்ளிவாசல் நிர்வாகத்தில் குடிக்கொரு மரைக்காயர் இருப்பார். குடியைச் சுமந்து வருபவள் பெண், அந்தக் குடிக்காகச் சபையில் உட்காருபவர் ஆண். என் பட்டியல் ஏன் அப்படி அமைந்தது என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

இது வெறும் மரியாதைப் பிரச்சினையாக இருந்திருந்தால் நான் இவ்வளவு எழுதியிருக்கமாட்டேன்.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, போயா தினம். மருத்துவ பீட மாணவியாக விடுமுறைக்கு வீட்டுக்கு வந்திருந்தேன். அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000க்கும் மேற்பட்டோர் மரணித்தார்கள். நாட்டிலேயே அதிகம் இழந்த மாவட்டம் இதுதான். கடற்கரையை ஒட்டிய எங்கள் ஒழுங்கைகள் பலவற்றைப் பெயர் சொல்லித்தான் அடையாளம் காண வேண்டியிருந்தது. அடுத்த நாள் அகதிகள் நிரம்பிய பாடசாலை ஒன்றில், என்ன செய்வதென்று தெரியாமல் நின்ற என்னை எங்கள் பகுதி மிட்வைப் கூப்பிட்டார். "பின்னால வாங்க தங்கச்சி" என்றார், அவ்வளவுதான். பதிவேடுகள் கடலோடு போய்விட்டன. ஆனால் எந்த வீட்டில் எத்தனையாம் மாதக் கர்ப்பிணி, யாருக்குப் பிரஷர், எந்தப் பிள்ளைக்கு அடுத்த ஊசி எப்போது என்பது அவர் மனதில் இருந்தது. வகுப்பறை வகுப்பறையாகப் போய்ப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். பதில் வராத பெயர்களை அவர் இரண்டாம் முறை கூப்பிடவில்லை. எட்டு நாட்கள் அவர் பின்னால் நடந்தேன். அவரது வீடும் போயிருந்தது என்பது எனக்கு ஐந்தாம் நாள்தான் தெரியும்.

பிறகு வீடு கட்டிக்கொடுக்கும் காலம் வந்தது. வடக்கு கிழக்கில் கடலிலிருந்து 200 மீற்றருக்குள் கட்டக் கூடாது என்றார்கள். மக்கள் உள்பக்கம் நகர்த்தப்பட்டார்கள். நம்மூர் பொலிவேரியன் கிராமம் அப்படி உருவானதுதான். நிவாரணப் படிவங்களில் முதல் கேள்வி 'குடும்பத் தலைவர் பெயர்' என்று இருந்தது. கேட்டவர்கள் யாரும் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. ஆனால் அந்தக் கோட்டில் ஆணின் பெயர் எழுதப்பட்டது. அதன் வழியே புதிய வீட்டின் உரித்தும் ஆணுக்குப் போனது. கடல் கொண்டுபோன வீடு உம்மாவின் பெயரில் இருந்தது, கிடைத்த வீடு வாப்பாவின் பெயரில் வந்தது. இந்தக் கரையின் பல ஊர்களில் இது நடந்தது. மெக்கில்வ்ரேயும் சுனாமிக்குப் பின் திரும்பி வந்து இதைப் பற்றி எழுதியிருக்கிறார். என்னிடம் மருந்துக்கு வரும் பெண்கள் சிலர் இன்றைக்கும் சீதன வீட்டைப் பற்றிப் பேசும்போது குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள். யார் தலைவர் என்று ஒரு தாளில் எழுதுவது சின்ன விடயமல்ல என்று உம்மா என் பட்டியலைப் பார்த்ததும் உணர்ந்தது அதனால்தான் என்று நினைக்கிறேன். அவருடைய சீதன வீடும் கடலுக்குப் போன வீடுதான்.

பட்டியலைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதினேன். ஐந்து ஆண்கள், ஐந்து பெண்கள். மாணவிகளில் ஒருத்தி மீனவர் சங்கக்காரரைத் தெரிவுசெய்து விடியற்காலை கடற்கரைக்குப் போனாள். இன்னொருத்தி, விதவைகளுக்காகச் சீட்டு நடத்தும் ஒரு மாமியின் பின்னால் நடந்தாள். மூன்றாமவள் மிட்வைபைக் கேட்டாள். 2004இல் நான் பின்னால் நடந்தவர் ஓய்வு பெற்றுவிட்டார். அவர் இடத்துக்கு வந்தவர் எனக்கு மூன்று வகுப்புக் கீழே இதே பாடசாலையில் படித்தவர்.

வரும் முன்னர் எங்கள் ஊரைப் பற்றி அந்தப் பிள்ளைகள் அறிந்திருந்தது ஒன்றுதான்: 2019 ஏப்ரல் 26. அன்றிரவு ஒரு வீட்டில் நடந்தது உலகச் செய்தியானது. புதிதாகக் குடிவந்தவர்கள்மேல் சந்தேகப்பட்டுத் தகவல் கொடுத்தவர்கள் ஊர்மக்களே என்பது அவ்வளவு தூரம் போய்ச் சேரவில்லை. மிட்வைபோடு இரண்டு நாள் நடந்தவள் இரவுச் சாப்பாட்டின்போது, "இங்கே யாருக்கும் தெரியாமல் ஒருவர் குடியிருக்க முடியாது போலிருக்கிறதே" என்றாள். எவ்வளவு சரியாகப் பிடித்தாள் என்று நான் எதுவும் சொல்லாமல் இருந்தேன்.

மொழிபெயர்ப்புக்காக எங்கள் பாடசாலையின் பத்தாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தியை அவளோடு அனுப்பியிருந்தோம். அவளது வீடு மிட்வைபின் வீட்டுக்கு இரண்டு ஒழுங்கை தள்ளித்தான். ஆனாலும் அந்த மிஸ் என்ன வேலை செய்கிறார் என்று அவள் அதுவரை பார்த்ததே இல்லை. ஒரு வீட்டில், பத்தொன்பது வயதுத் தாய் ஒருத்தி பால் கொடுக்கமாட்டேன் என்று அழுதுகொண்டிருந்தாளாம். மிஸ் ஒன்றும் சொல்லாமல் அருகில் உட்கார்ந்து, கொடியில் கிடந்த துணிகளை எடுத்து மடித்துக்கொண்டே இருந்தாராம். அரை மணித்தியாலம். பிறகு அந்தப் பெண் தானாகப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டாள். இதை என்னிடம் வந்து சொன்னபோது எங்கள் பிள்ளை கேட்டாள்: "டொக்டர், அவ ஏன் ஒண்டும் பேசல்ல?"

வெளிநாட்டு மாணவிகள் ஐந்தாம் நாள் காலை பஸ்ஸில் போய்விட்டார்கள். எங்கள் பிள்ளை அடுத்த சனிக்கிழமை மிட்வைபின் வீட்டு வாசலில் போய் நின்றாளாம். "இண்டைக்கும் வரட்டா மிஸ்?" என்று கேட்டாளாம். உயர்தரத்துக்கு உயிரியல் எடுத்து இப்போது படித்துக்கொண்டிருக்கிறாள். சனிக்கிழமைகளில் டியூஷன் இல்லாவிட்டால் இன்னமும் போகிறாள்.