டெட்லைன்: சிறைக்கோடு காலக்கெடுவான வரலாறு

ஒரு வேலையை முடிக்க வேண்டிய கடைசி நேரத்தை ஆங்கிலத்தில் ‘டெட்லைன்’ என்பர். 19ஆம் நூற்றாண்டில் இச்சொல்லுக்கும் நேரத்துக்கும் தொடர்பில்லை. சிறை வளாகத்துக்குள் கைதிகள் தாண்டக் கூடாத எல்லைக்கோட்டை அது குறித்தது. தாண்டியவர் உயிர் பிழைப்பது அரிது என்பதால் அதற்குச் ‘சாவுக்கோடு’ என்று பொருள்படும் அப்பெயர் வந்தது.

அமெரிக்க உள்நாட்டுப் போர்க்காலத்தில் (1861–1865) வட மாநிலங்கள், தென் மாநிலங்கள் என இரு தரப்புச் சிறைகளிலும் இத்தகைய கோடுகள் இருந்தன. அச்சிறைகளுள் மிகக் கொடியதாகப் பேசப்படுவது ஜார்ஜியா மாநிலத்தின் ஆண்டர்சன்வில் சிறை. தென் மாநிலக் கூட்டமைப்பு அமைத்த இச்சிறைக்கு 1864 பிப்ரவரி இறுதியில் முதல் கைதிகள் வந்தனர். உயரமான பைன் மரத்தடிகளை நெருக்கமாக நட்டு மதில் எழுப்பியிருந்தனர். மதிலுக்கு உட்புறம் சுமார் 19 அடி தள்ளி, குட்டையான கம்பங்களின் மேல் மெல்லிய மரச்சட்டம் ஓடியது. அதுவே டெட்லைன். மதிலின் மேல் இடைவெளி விட்டு அமைந்த காவல் மேடைகளில் துப்பாக்கியுடன் காவலர் நின்றனர். சட்டத்தைத் தாண்டுபவரைச் சுட அவர்களுக்கு உத்தரவு இருந்தது.

ஏறத்தாழ 10,000 பேருக்காகத் திட்டமிட்ட அவ்விடத்தில் 1864 ஆகஸ்டில் 32,000 பேருக்கு மேல் அடைபட்டிருந்தனர். பிடிபட்ட வட தரப்புக் கறுப்பின வீரர்களை மற்றவர்களுக்குச் சமமாக நடத்தக் கூட்டமைப்பு மறுத்ததால், இரு தரப்பும் கைதிகளை மாற்றிக்கொள்ளும் ஏற்பாடு முறிந்திருந்தது. நெரிசலுக்கு அது முக்கியக் காரணம். தங்குவதற்குக் கூரை கிடையாது. சிறையின் ஊடே ஓடிய சிற்றோடையே குடிநீராகவும் கழிவுக் கால்வாயாகவும் இருந்தது. வயிற்றுக்கடுப்பும், காய்கறி கிடைக்காததால் வந்த ஸ்கர்வி நோயும் பெருவாரியாக உயிர் குடித்தன. சிறை இயங்கிய 14 மாதங்களில் சுமார் 45,000 கைதிகள் அங்கு இருந்தனர். அவர்களில் 13,000 பேர் அளவில் மாண்டனர்.

போர் முடிந்ததும் சிறை அதிகாரி ஹென்றி வெர்ஸ் கைதானார். 1865இல் வாஷிங்டனில் நடந்த ராணுவ விசாரணையில், டெட்லைனை ஏற்படுத்தி, அதைத் தாண்டியவர்களைச் சுடவைத்தார் என்பதும் குற்றச்சாட்டுகளுள் ஒன்று. அவ்வாண்டு நவம்பர் 10ஆம் நாள் அவர் தூக்கிலிடப்பட்டார். விசாரணைச் செய்திகளோடு இச்சொல்லும் நாடெங்கும் பரவியது.

அடுத்த கட்டத்தில் அது மீறக் கூடாத எந்த எல்லைக்கும் பெயரானது. 1880களில் நியூயார்க் துப்பறியும் பிரிவின் தலைவர் தாமஸ் பைர்ன்ஸ், வங்கிகளும் நகைக்கடைகளும் நிறைந்த வால் ஸ்ட்ரீட் பகுதியைக் காக்க ஃபுல்டன் தெருவை எல்லையாக்கினார். அதற்குத் தெற்கே காணப்படும் பழங்குற்றவாளிகள் கைதாவர் என்பது அவரது உத்தரவு. அந்தத் தெருவையும் மக்கள் டெட்லைன் என்றே அழைத்தனர். அச்சுக்கூடங்களிலும் இச்சொல் வழங்கியது. அச்சு இயந்திரத்தின் தளத்தில் இருந்த ஒரு கோட்டுக்கு அப்பெயர். அதற்கு அப்பால் போகும் எழுத்துகள் தாளில் சரியாகப் பதியா.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கப் பத்திரிகை அலுவலகங்கள் இச்சொல்லை நேரத்துக்கு மாற்றின. எழுத்துக் கோத்து, பிழை திருத்தி, அச்சிட்டு, கட்டுகளை ரயிலில் ஏற்றுவது வரை ஒவ்வொரு வேலைக்கும் நேரம் கணக்கிட்டிருந்தனர். குறித்த மணிக்குப் பின் வரும் செய்தி அன்றைய பதிப்பில் ஏறாது. நிலத்தில் கிடந்த கோடு இவ்வாறு கடிகாரத்துக்கு இடம் மாறியது. செய்தியாளர் வழக்கிலிருந்து அலுவலகம், பள்ளி, நீதிமன்றம் என எங்கும் அது சென்றது. தமிழில் இப்பொருளுக்குக் ‘காலக்கெடு’ என்ற சொல் வழங்குகிறது.

ஆண்டர்சன்வில் 1970 முதல் தேசிய வரலாற்றுத் தலமாகப் பாதுகாக்கப்படுகிறது. பழைய டெட்லைன் ஓடிய தடத்தை அங்கே கம்பங்கள் நட்டுக் குறித்திருக்கின்றனர்.