தலைகீழ்ப் பிடி

ஆபீஸ் நண்பர் ஒருவர் கோல்ஃப் கற்றுக்கொள்கிறார். முதல் பாடமே பிடிதான்: வலக்கைக்காரர் என்றால் இடக்கை மேலே, வலக்கை கீழே. மாற்றிப் பிடித்தால் வீச்சே கெட்டுவிடும் என்றாராம் கோச். கூடுவாஞ்சேரிக்கு லோக்கல் ட்ரெயினில் வரும்போது அவர் இதைச் சொல்ல, எனக்கு பாப்வா ஞாபகம் வந்தார்.

சியூசங்கர் 'பாப்வா' சியூகோலம், டர்பன் இந்தியர். (டர்பனுக்கு முதல் ஒப்பந்தக் கூலிக் கப்பல் 'ட்ரூரோ' 1860-ல் போனது நம்ம மெட்ராஸிலிருந்துதான்.) வெள்ளையர்களுக்குப் பை தூக்கும் கேடியாக இருந்து, பார்த்துப் பார்த்தே ஆட்டம் பழகியவர். சொல்லித்தர ஆள் இல்லை. வலக்கையை மேலேயும் இடக்கையைக் கீழேயும் வைத்தார். அந்தப் பிடியோடு 1959, 1960, 1964 என மூன்று முறை டச்சு ஓப்பன் ஜெயித்தார்.

1963-ல் டர்பன் கன்ட்ரி கிளப்பில் நேட்டால் ஓப்பனையும் வென்றார். வெள்ளையர் அல்லாத ஆட்டக்காரருக்கு கிளப் கட்டடத்துக்குள் இடமில்லை. கோப்பையை வெளியே, மழையில் நின்று வாங்கினார். 1965-ல் கேரி பிளேயரையே முந்தி அதே போட்டியை மறுபடி வென்றார். பிறகு நிறவெறி அரசு அவரைப் பெரிய போட்டிகளிலிருந்தே விலக்கிவிட்டது. 1978-ல் இறந்தார்.

பார்த்தே பழகி ஜெயித்த கேடிகள் நம்ம பக்கமும் உண்டு. 2009-ல் இந்தியன் ஓப்பன் வென்ற பெங்களூர் முனியப்பா அப்படி வந்தவர்தான்.

பந்தைக் குழிக்குள் உருட்டும் 'பட்டிங்'கில் இன்று ஜோர்டன் ஸ்பீத் போன்ற முன்னணி ஆட்டக்காரர்களே இடக்கையைக் கீழே வைக்கிறார்கள். மணிக்கட்டு ஆடாமல் இருக்குமாம்.

எல்லாவற்றையும் நண்பரிடம் சொன்னேன். "கோச் ஒத்துக்கமாட்டார் சார்," என்றார்.