சோழியில் ஓடிய நிரல்

கோலாலம்பூர் செராஸ் தாமான் மிடாவில் படிவம் நான்கு, ஐந்து பிள்ளைகளுக்குக் கணினி அறிவியல் டியூஷன் எடுக்கிறேன். அதற்கு முன்பு ஒரு வங்கியில் கோபோல் நிரல் எழுதியே தலை நரைத்தவள். பைத்தானில் எந்த வரியை எப்படி எழுதுவது என்று சொல்லிக்கொடுக்க இப்போது ஆளே வேண்டியதில்லை. கைப்பேசியைக் கேட்டால் கொட்டுகிறது. பிள்ளைகளுக்கு வராதது விசைப்பலகையில் கை வைப்பதற்கு முன் யோசிப்பதுதான். அதற்கு நான் வைத்திருக்கும் பாடம் புதுச்சேரியிலிருந்து வந்தது. வயது இருநூறு.

1825 மே 31 இரவு தொடங்கி ஜூன் 1 வரை ஒரு சந்திர கிரகணம். சென்னை வானாய்வகத்தை ஒரு காலத்தில் நடத்திய ஜான் வாரன் அப்போது புதுச்சேரியில் இருந்தார். உள்ளூர்ப் பஞ்சாங்கக்காரர் ஒருவரை அழைத்து, அந்தக் கிரகணத்தைத் தம் கண்முன்னே கணித்துக் காட்டச் சொன்னார். வாரன் எழுதிவைத்துள்ள எழுத்துக்கூட்டலைப் பார்த்தால் அவர் பெயர் சாமிநாதன் சேஷையா என்பதுபோல் இருந்திருக்கும். அவர் ஏடு எடுக்கவில்லை, எழுத்தாணி எடுக்கவில்லை. தரையில் சோழிகளைப் பரப்பினார். அட்டவணைகள் எல்லாம் மனப்பாடம். சோழிகளை நகர்த்தி நகர்த்தியே விடைக்கு வந்துவிட்டார். வாரன் தமது 'கால சங்கலித' நூலில் இதை விரிவாகப் பதிந்திருக்கிறார். 1952இல் ஓட்டோ நொய்கபாவர் என்ற கணித வரலாற்றாளர் 'தமிழ் வானியல்' என்ற கட்டுரையில் அதைத் தோண்டியெடுத்து உலகுக்குக் காட்டினார்.

இந்தக் கதையைச் சொல்லுமுன் பிள்ளைகளிடம் கணக்கை மட்டும் கொடுப்பேன். நிலா எல்லா நாளும் ஒரே வேகத்தில் நகராது. ஒரு நாள் 12 பாகைக்குச் சற்றுக் குறைவு, இன்னொரு நாள் 15க்குச் சற்று அதிகம். கலியுகம் தொடங்கிய கி.மு. 3102 பிப்ரவரி 18 முதல் நாள்களை எண்ணிக்கொண்டு வந்தால், 1825 மே 31 அன்று நிலா எங்கே? முதலில் எழுதிக்காட்டும் பிள்ளை எப்போதும் ஒரு ஃபார் லூப்போடு வருவான்: தொடக்க நாளிலிருந்து ஒவ்வொரு நாளாக நகர்வைக் கூட்டிக்கொண்டே வருவது. நான் எண்ணியபடி மொத்தம் 1,799,312 நாள். இன்றைய கணினிக்கு அது கண் சிமிட்டும் வேலை. அதனாலேயே அவனுக்கு அதில் குறை தெரியாது. தரையில் உட்கார்ந்து சோழி நகர்த்துகிறவருக்கு அது ஆயுள் முழுக்க முடியாத வேலை. கருவி எளியதாக இருக்கும்போது புத்தி தானாகக் கூர்மையாகிறது என்பது என் அபிப்பிராயம். கோபோல் காலத்தில் இரவு முழுக்க ஓடவேண்டிய வட்டிக் கணக்கு காலைக்குள் முடியாவிட்டால் கிளைகள் திறக்க முடியாது. யோசிக்கக் கற்றது அந்தப் பயத்தில்தான்.

பஞ்சாங்கக்காரர் கேட்ட கேள்வி வேறு: இதில் எது திரும்பத் திரும்ப வருகிறது? நிலா பூமியிலிருந்து மிகத் தொலைவான இடத்தில் தொடங்கி, மீண்டும் அந்தத் தொலைவுக்கு வர ஏறத்தாழ 27.55 நாள். முழு எண்ணாக வராத அந்தச் சுற்றை ஒன்பது முறை அடுக்கினால் கிட்டத்தட்டச் சரியாக 248 நாள். ஆகவே 248 நாளுக்கு மட்டும் நிலாவின் இடத்தைக் கணித்து வைத்துக்கொண்டால் போதும். 249ஆம் நாள் முதல் கதை பழையபடி தொடங்கும். அந்த 248 இடங்களும் 248 சிறு வாக்கியங்கள். வாக்கியப் பஞ்சாங்கம் என்ற பெயரே அதிலிருந்து வந்தது. கணித்ததைத் திரும்பக் கணிக்காமல் சேமித்து எடுத்துப் பயன்படுத்தும் உத்தியை 1968இல் டொனால்டு மிக்கி என்ற ஆங்கிலேயர் கணினி நிரல்களுக்குப் பெயர் சூட்டி அறிமுகப்படுத்தினார். நினைவைக் கொடுத்து நேரத்தை வாங்கும் அந்த வியாபாரம் தமிழ் நாட்டுத் திண்ணைகளில் எவ்வளவோ காலமாக நடந்துகொண்டிருந்தது.

எனக்கு மிகப் பிடித்த இடம் இனிதான் வருகிறது. 248 நாள் கொண்ட அந்தச் சுற்றின் பெயர் தேவரம். வடமொழி எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் கடபயாதி முறையில் 'தே' 8, 'வ' 4, 'ர' 2. வலமிருந்து இடமாகப் படித்தால் 248. அடுத்த பெரிய சுற்று கலாநிலம்: 1, 3, 0, 3, திருப்பினால் 3031 நாள். அதற்கு மேல் ரசகெரிகை, அதே முறையில் 12,372 நாள். எல்லாவற்றுக்கும் மேலே வேதம், 1,600,984 நாள். முதல் மூன்றிலும் மாறிலியின் பெயருக்குள்ளேயே மதிப்பும் இருக்கிறது. 'எக்ஸ்', 'டெம்ப்', 'டெம்ப்2' என்று பெயர் வைக்கும் என் மாணவர்களுக்கு இதைக் கரும்பலகையில் எழுதிக் காட்டும்போது ஒரு குரூர திருப்தி.

இப்போது 1,799,312. ஒரு வேதத்தைக் கழித்தால் 198,328. அதில் ரசகெரிகை பதினாறு போகும், மிச்சம் 376. கலாநிலம் ஒன்றுகூடப் போகாது. தேவரம் ஒன்று. மீதி 128. ஆக, 128ஆம் வாக்கியத்தைச் சொல். பதினெட்டு லட்சம் படிகள் நான்கு வகுத்தலில் முடிந்தன. சுற்றுகளைச் சும்மா தூக்கிப் போட்டுவிடவும் கூடாது. ஒரு தேவரம் முடியும்போது நிலா தொடங்கிய இடத்திலிருந்து 27 பாகை 44 கலை தள்ளி நிற்கும். இப்படி ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு கூட்டல் உண்டு. பிள்ளைகள் தவறுவது பெரும்பாலும் இங்கேதான். மீதியை எடுக்கத் தெரிகிறது, தூக்கிப்போட்டது எதைக் கையோடு கொண்டுபோனது என்று பார்ப்பதில்லை.

இதே பத்தாண்டில்தான், 1822இல், சார்லஸ் பாபேஜ் லண்டனில் தமது வித்தியாச இயந்திரத்தை அறிவித்தார். மனிதர்கள் கணித்து அச்சடித்த அட்டவணைகளில் மலிந்த பிழைகளை ஒழிப்பது அவர் நோக்கம். அட்டவணை என்பது அன்றைய உலகின் மென்பொருள். அந்த அட்டவணைகளோடு தமிழ்க் கணக்கை ஒப்பிட்டும் பார்க்கலாம். பிரெஞ்சு வானியலாளர் லெ ஜென்டி 1769இல் வெள்ளி சூரியனைக் கடப்பதைப் பார்க்கப் புதுச்சேரியில் காத்திருந்தார், மேகம் மறைத்துவிட்டது. பொழுதை வீணாக்காமல் தமிழர்களின் இந்தக் கணிதத்தைக் கற்றுக்கொண்டார். 1765 ஆகஸ்டு 30 கிரகணத்தின் நீளத்தில் தமிழ்க் கணக்கு 41 வினாடி குறைவாகவும், ஐரோப்பாவின் பெயர்பெற்ற டோபியாஸ் மேயர் அட்டவணை 68 வினாடி கூடுதலாகவும் இருந்ததாக அவர் கணக்கில் வருகிறது. நம்மவருக்குப் புல்லரிக்கும் இடம் இது. ஆனால் வாரனிடம் கணித்த 1825 கிரகணத்தையும் சேர்த்துச் சொல்வதே நேர்மை: தொடக்கத்தில் 4 நிமிடம், நடுவில் 23, முடிவில் 52 நிமிடம் பிழை.

ஏன் 52? அந்தப் பஞ்சாங்கக்காரரால் சொல்லியிருக்க முடியாது. வானியல் கோட்பாடு அவருக்குத் தெரியாது, அசாத்திய நினைவாற்றல் மட்டும் இருந்தது என்கிறார் வாரன். 248, 3031 என்ற அதே எண்கள் எகிப்தில் கிடைத்த, மான்செஸ்டரில் உள்ள ஒரு கிரேக்கப் பாப்பிரசிலும் இருப்பதை நொய்கபாவர் காட்டினார். 248 பாபிலோனியர் வரை போகிறது. யாரோ எழுதிய நிரல் கைமாறிக் கைமாறி, உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கத் தேவையின்றி, நூற்றாண்டுகளாக ஓடியிருக்கிறது. நான் வங்கியில் பராமரித்த கோபோலும் அந்த ரகம்தான். ஓடும்வரை சொர்க்கம். பிழை வந்தால் திருத்த, எழுதியவனின் எண்ணம் வேண்டும்.

அதனால் பாடத்தின் இரண்டாம் பாதியை நம் ஊருக்குக் கொண்டுவருவேன். தமிழ்நாட்டில் அச்சான பஞ்சாங்கத்தை பிரிக்பீல்ட்ஸில் வாங்கி, மலேசிய நேரத்துக்கு மாற்றும் நிரல் எழுது. பையன்கள் உடனே இரண்டரை மணி நேரத்தைக் கூட்டிவிடுவார்கள். திதிக்கு அது சரி. சூரியனுக்கும் நிலாவுக்கும் இடையில் உள்ள கோணம் உலகம் முழுக்க ஒரே நொடியில் மாறுகிறது. ராகு காலத்துக்குச் சரியல்ல. அது உள்ளூர்ச் சூரிய உதயத்தைப் பற்றிக்கொண்டு நிற்பது. ஆறு மணி உதயத்துக்குத் திங்கட்கிழமை 7.30 முதல் 9 வரை, கோலாலம்பூரில் 7.15க்கு விடிந்தால் 8.45 முதல் 10.15 வரை. இரண்டரையைக் கூட்டினால் பத்து மணிக்குத்தான் ராகு வருவார். அடுத்தடுத்து அச்சாகியிருக்கும் இரண்டு எண்கள். இரண்டும் நேரம்தான், ஆனால் ஒன்றாக நடத்த முடியாதவை.

பிறகு ஜாதகம். பாட்டி, தாத்தாக்களின் பிறந்த நேரத்தை இந்திய நேரத்துக்கு மாற்று. ஒரு பையன் தன் பாட்டிக்குப் போட்டான்: 1943. இரண்டரை மணி வித்தியாசம், சரியாக வந்தது. எனக்குச் சிரிப்பு. 1943இல் மலாயா ஜப்பானியர் பிடியில், கடிகாரம் தோக்கியோ நேரத்தில், கிரீனிச்சுக்கு ஒன்பது மணி முன்னால். இந்தியாவும் போர்க்காலத்தில் ஒரு மணி முன்தள்ளி ஆறரையில் இருந்தது. இன்றைய எட்டும் ஐந்தரையும் தரும் அதே இரண்டரை. விடை சரி, காரணம் முழுக்கத் தவறு. "1960 போட்டுப் பாருப்பா" என்றேன். அப்போது தீபகற்பம் ஏழரையில் இருந்தது, வித்தியாசம் இரண்டே மணி. 1935 என்றால் மலாயா 7.20இல்.

1982 ஜனவரி 1 முதல் சபா, சரவாக்கோடு ஒத்துப்போகத் தீபகற்பமும் எட்டுக்கு மாறியது. முந்தைய இரவு 11.30க்கே கடிகாரத்தை நள்ளிரவாக்கிவிட்டார்கள். அப்படியானால் 1981 டிசம்பர் 31 இரவு 11.45 என்று ஒரு நேரம் இந்த ஊரில் நடக்கவே இல்லை. யாராவது அதைப் பிறந்த நேரமாக உள்ளிட்டால் நிரல் என்ன சொல்லவேண்டும்? அன்றைய வகுப்பு இதிலேயே போய்விட்டது. பிழை என்று நிறுத்த வேண்டும் என்றது ஒரு கட்சி. "கடிகாரத்தைத் திருப்பி வைக்க மறந்த வீட்டில் பிறந்திருக்கலாம் இல்லையா டீச்சர், அவங்களையே கேட்கணும்" என்றது இன்னொரு கட்சி.