பெர்காதியா பள்ளிவாசல்

பெர்காதியா பள்ளிவாசல் என்பது பொசுனியா எர்செகோவினா நாட்டின் பான்யா லூக்கா நகரில் அமைந்துள்ள, ஓட்டோமான் காலத்தைச் சேர்ந்த பள்ளிவாசல் ஆகும். பெர்காத் பாசா சொக்கொலோவிச் என்பவரால் 1579 ஆம் ஆண்டில் கட்டுவிக்கப்பட்ட இது, 1993 மே 7 அன்று வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. இடிபாடுகளிலிருந்து மீட்கப்பட்ட கற்களைக் கொண்டு மீளக் கட்டப்பட்டு, 2016 மே 7 அன்று மீண்டும் திறக்கப்பட்டது.

வரலாறு

பெர்காத் பாசா, பேரரசின் தலைமை அமைச்சராக விளங்கிய சொக்கொலு மெகமெட் பாசாவின் உறவினர் ஆவார். 1574 ஆம் ஆண்டு முதல் பொசுனியாவின் ஆளுநராக இருந்த இவர், 1580 இல் அப்பகுதி தனி மாகாணமாக உயர்த்தப்பட்டபோது அதன் முதல் மாகாண ஆளுநரானார். இவரது காலத்திலேயே எல்லையோரக் கோட்டை ஊராக இருந்த பான்யா லூக்கா, சந்தைகளும் பாலங்களும் குளிப்பகங்களும் கொண்ட நகரமாக வளர்ந்தது. அவ்வளர்ச்சியின் நடுவே எழுந்த கட்டிடமே பெர்காதியா.

பள்ளிவாசலுக்கான பொருள் வந்த வழி குறித்து ஒரு வழக்கு உள்ளது. 1575 ஆம் ஆண்டு புதாச்கி என்னுமிடத்தில் நடந்த போரில் ஆப்சுபர்க்கு எல்லைப் படைத்தலைவர் எர்பார்டு வொன் அவர்சுபெர்க் கொல்லப்பட்டார்; அவரது மகன் சிறைப்பட்டார். மகனை விடுவிக்கவும் தந்தையின் தலையைத் திருப்பித் தரவும் பெறப்பட்ட 30,000 பொற்காசுகளைக் கொண்டே பள்ளிவாசல் கட்டப்பட்டது என்பர்.

கட்டிட அமைப்பு

கட்டிடக் கலைஞரின் பெயர் பதிவாகவில்லை. புகழ்பெற்ற கலைஞர் மிமார் சினானின் மாணாக்கர் ஒருவராக இருக்கலாம் என்று கருதப்படுகிறது. பள்ளிவாசல் ஏறத்தாழ 18 மீட்டர் அகலமும் 14 மீட்டர் நீளமும் உடையது. குவிமாடத்தின் உயரமும் ஏறத்தாழ 18 மீட்டர். மினார் சுமார் 43 மீட்டர் உயரமானது. இசுதான்புல்லின் பெரும் பள்ளிவாசல்களோடு ஒப்பிட்டால் இது சிறியதே. எனினும், மாகாணங்களில் பெரிதும் காணப்படும் ஒற்றைக் குவிமாடச் சதுர அறை என்னும் எளிய வடிவத்தோடு இது நின்றுவிடவில்லை. தொழுகையின் திசையைக் காட்டும் மிஹ்ராப் அமைந்த பகுதி முன்னோக்கி நீட்டப்பட்டு, அதன் மேல் அரைக்குவிமாடம் கவிக்கப்பட்டுள்ளது. இதனால் சிறிய கூடத்தின் உட்புறமும் விரிந்து தோன்றுகிறது. நுழைவாயிலின் முன்னே நான்கு தூண்கள் தாங்கும் மூன்று சிறு குவிமாடங்களுடன் கூடிய முன்மண்டபம் உள்ளது.

பள்ளிவாசல் தனித்து நிற்கவில்லை. ஒளுச் செய்வதற்கான நீரூற்று, மையவாடி, பெர்காத் பாசாவினது உட்பட மூன்று அடக்கத்தலங்கள், மணிக்கூட்டுக் கோபுரம் ஆகியன அதனைச் சூழ்ந்திருந்தன.

இத்தகைய அழகை வேறெங்கும் படைக்காதிருக்கும் பொருட்டு, கட்டிய கொத்தர்களைப் பாசா மினாரினுள் அடைத்து வைத்தார் என்றும், அவர்கள் சிறகுகள் செய்து ஓரிரவில் பறந்து சென்றனர் என்றும் ஒரு நாட்டுப்புறக் கதை உண்டு. இது போன்ற கதைகள் பல நாடுகளிலும் பெருங்கட்டிடங்களைப் பற்றி வழங்குவதுண்டு. ஆயினும் கைதிகள் தப்பிப் பிழைப்பதாகச் சொல்லும் கதை சற்று அரிது.

அழிப்பு

1969 ஆம் ஆண்டு அக்டோபரில் நகரைச் சிதைத்த நிலநடுக்கத்தையும் தாண்டி நின்ற பெர்காதியா, பொசுனியப் போரின்போது அழிந்தது. அப்போது பான்யா லூக்கா பொசுனியச் செர்பியரின் ஆட்சியில் இருந்தது; நகரத்தினுள் போர் நடக்கவில்லை. எனவே இதனைச் சண்டையினிடையே நேர்ந்த சேதமாகக் கொள்ள இயலாது. அதே இரவில் 16 ஆம் நூற்றாண்டின் மற்றொரு பள்ளிவாசலான அர்னாவுதியாவும் தகர்க்கப்பட்டது. முதல் வெடிப்பில் விழாமல் நின்ற பெர்காதியாவின் மினார் பின்னர் வீழ்த்தப்பட்டது. இடிபாடுகள் குப்பை மேட்டுக்கு அகற்றப்பட்டன. மணிக்கூட்டுக் கோபுரமும் அவ்வாண்டிலேயே அழிக்கப்பட்டது. போர்க்காலத்தில் நகரின் 16 பள்ளிவாசல்களும் அழிவுற்றன.

மீள்கட்டுமானம்

பொசுனியாவின் மனித உரிமை மன்றம், இங்குள்ள பள்ளிவாசல்களை மீளக் கட்ட அனுமதி வழங்க வேண்டும் என 1999 சூன் மாதத்தில் தீர்ப்பளித்தது. 2001 மே 7 அன்று நடந்த அடிக்கல் நாட்டு விழாவைச் செர்பியத் தேசியவாதக் கூட்டம் தாக்கியது. பேருந்துகள் எரிக்கப்பட்டன; விருந்தினர் பல மணி நேரம் கட்டிடமொன்றில் சிக்கியிருந்தனர்; காயமுற்ற ஒருவர் பின்னர் உயிரிழந்தார். அடுத்த மாதம் 18 ஆம் நாள் கடும் காவலுடன் அடிக்கல் நாட்டப்பட்டது. 2003 இல் இவ்விடம் தேசிய நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்டது.

மீள்கட்டுமானத் திட்டத்தைச் சாரயேவோப் பல்கலைக்கழகக் கட்டிடக்கலைப் பீடத்தினர் வகுத்தனர். பழைய தோற்றத்தில் புதிதாக ஒன்றைக் கட்டிவிடுவது எளிதாக இருந்திருக்கும். அதற்கு மாறாக, குப்பை மேட்டிலும் வெர்பாசு ஆற்றிலும் தேடி எடுக்கப்பட்ட துண்டுகள் ஒவ்வொன்றும் பதிவு செய்யப்பட்டு, பழைய ஒளிப்படங்களின் துணையுடன் அவற்றின் இடம் கண்டறியப்பட்டது. பணி நீண்டமைக்கு இதுவும் ஒரு காரணம். அழிவின் 23 ஆம் ஆண்டு நிறைவு நாளில் நடைபெற்ற திறப்பு விழாவில், துருக்கியின் அப்போதைய பிரதமர் அகமது தாவுதோக்லு உட்படப் பல்லாயிரவர் கலந்துகொண்டனர்.