மாணிக்க நாட்டு மன்னனும் கிழக்கு உரோமரும்: மலையகம் பற்றிய ஓர் ஆறாம் நூற்றாண்டுச் சான்று

இலங்கைத் தீவில் இரண்டு அரசர்கள் இருக்கிறார்கள். ஒருவரோடொருவர் பகை கொண்டவர்கள். மணிக்கல் விளையும் நாடு ஒருவன் கையில். துறைமுகமும் சந்தையும் உள்ள எஞ்சிய நாடு மற்றவன் கையில். கி.பி. 550ஐ அண்டி இச்செய்தியை எழுதிவைத்தவர் கொஸ்மாஸ். எகிப்தின் அலெக்சாந்திரியாவில் வணிகராக இருந்து பின்பு துறவியானவர் அவர். அவருடைய ‘கிறிஸ்தவ நிலவியல்’ என்னும் கிரேக்க நூலின் பதினோராம் பாகத்தில் இது வருகிறது.

நுவரெலியாவின் வரலாற்றையும் ஹட்டனின் வரலாற்றையும் கோப்பியிலிருந்தும் தேயிலையிலிருந்தும் தொடங்குவது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. பெருந்தோட்டங்களுக்கு மட்டும் அது பொருந்தும். மலைகளுக்கோ அதைவிட நீண்ட வரலாறு உண்டு. அவ்வரலாற்றின் மிகப் பழைய வெளிநாட்டுச் சான்றுகளில் ஒன்றாகக் கொஸ்மாஸின் மேற்கண்ட குறிப்பை நான் கொள்கிறேன்.

அவர் வாழ்ந்த பேரரசின் தலைநகர் கொன்ஸ்தாந்திநோபிள். மேற்கில் உரோமாபுரியின் ஆட்சி 476இல் முடிந்த பின்னும் கிழக்கில் அப்பேரரசு 1453 வரை நீடித்தது. அதன் மக்கள் இறுதிவரை தம்மை உரோமர் என்றே சொல்லிக்கொண்டனர். ‘பைசாந்தியர்’ என்னும் பெயர் பிற்கால அறிஞர் இட்டது. இலங்கையோடு இவர்களுக்கிருந்த தொடர்பு கொஸ்மாஸுக்கும் முந்தியது. பேரரசன் ஜூலியனிடம் 362ஐ ஒட்டி வந்த தொலைதூரத் தூதுவர்களுள் ‘செரெந்திவி’ நாட்டவரும் இருந்தனர் என்று உரோம வரலாற்றாசிரியர் அம்மியானுஸ் மார்செலினுஸ் எழுதுகிறார்.

கொஸ்மாஸ் தாமே இலங்கைக்கு வந்தாரா என்பது ஐயத்துக்குரியது. அவருக்குச் சொன்னவர் சோபத்ரோஸ் என்னும் வணிகர். செங்கடலோரத்து அதூலிஸ் துறைமுகத்தாரோடு கப்பலேறி வந்த சோபத்ரோஸும் ஒரு பாரசீகரும் ஒன்றாக அரசவையில் நிறுத்தப்படுகிறார்கள். உங்கள் இருவர் அரசரில் யார் பெரியவர் என்று இலங்கை மன்னன் கேட்கிறான். பாரசீகர் முந்திக்கொண்டு தம் அரசரைப் புகழ்கிறார். சோபத்ரோஸோ இரு அரசரும் இங்கேயே இருக்கிறார்கள், பார்த்துக்கொள்ளுங்கள் என்று கூறி, உரோமப் பொற்காசையும் பாரசீக வெள்ளிக்காசையும் எடுத்து வைக்கச் செய்கிறார். பொற்காசு வென்றது. சோபத்ரோஸ் யானைமேல் ஏற்றப்பட்டு முரசொலியோடு நகரைச் சுற்றி வந்தார்.

சோபத்ரோஸ் இறந்து முப்பத்தைந்து ஆண்டுகள் ஆகின்றன என்று கொஸ்மாஸ் குறிப்பதால், இது கி.பி. 500ஐ ஒட்டிய காலம். சிகிரியாவின் காசியப்பனும் அவனை வென்ற மொகல்லானனும் ஆண்ட தலைமுறை அது. ஆனால் கதையை அப்படியே ஏற்பதற்கில்லை. உரோமக் காசுகளின் எடை மாறாமையை இலங்கை மன்னன் வியந்த கதையொன்றை முதலாம் நூற்றாண்டிலேயே பிளினி எழுதிவிட்டார். நாணயத்தால் நாட்டின் பெருமை வென்றது என்பது உரோமர் தமக்குத் தாமே சொல்லி மகிழ்ந்த கதையாக இருக்கலாம்.

நிலத்தடிச் சான்று வேறு விதமாகப் பேசுகிறது. கிழக்கு உரோமரின் பொற்காசுகள் தென்னிந்தியாவில் புதையல்களாகக் கிடைத்துள்ளன. இலங்கையில் ஆயிரக்கணக்கில் கிடைப்பவை நான்காம், ஐந்தாம் நூற்றாண்டுச் சிறு செப்புக்காசுகள். தேய்ந்து போன அக்காசுகளோடு, அவற்றைப் பார்த்து இங்கேயே வார்த்த போலிகளும் கலந்திருக்கின்றன. பேரரசர்களின் பெருமைச் சின்னங்கள் இங்கே சந்தைச் சில்லறையாகப் புழங்கியிருக்கின்றன. என் மதிப்பில், சோபத்ரோஸின் ஒற்றைப் பொற்காசைவிட இச்செப்புக்காசுகளே வணிகத்தின் உண்மை அளவைக் காட்டுகின்றன.

அவ்வணிகத்தில் உரோமர் முதன்மை பெறவில்லை. இலங்கையில் பாரசீகக் கிறிஸ்தவர்களுக்கு ஒரு தேவாலயம் இருந்ததென்றும், குருவானவர் பாரசீகத்திலிருந்தே நியமிக்கப்பட்டார் என்றும் கொஸ்மாஸே கூறுகிறார். அநுராதபுரத்தில் 1912இல் கண்டெடுக்கப்பட்ட கற்சிலுவை இதற்குத் துணைநிற்கிறது. சீனப் பட்டு, அகில், கிராம்பு, சந்தனம் ஆகியன கிழக்கிலிருந்து இங்கு வந்து மேற்கே போயின. மலபாரின் மிளகுத் துறைகள், சங்கு ஏற்றுமதி செய்த மறல்லோ, காவிரிப்பூம்பட்டினமாகக் கருதப்படும் காபெர் ஆகியவையும் அவருடைய பட்டியலில் உண்டு. இந்தியக் கப்பல்கள் அணையும் துறைகளிலெல்லாம் பாரசீகர் முந்திச் சென்று பட்டை முழுவதுமாக வாங்கிவிட்டனர் என்று அக்கால வரலாற்றாசிரியர் புரொக்கோப்பியுஸ் எழுதுகிறார். அவர்களைத் தவிர்த்துப் பட்டு வாங்கித் தரும்படி 531ஐ ஒட்டிப் பேரரசன் ஜஸ்டினியன் எத்தியோப்பியரை வேண்டியும் பயனில்லை. 552ஐ அண்டித் துறவிகள் பட்டுப்புழு முட்டைகளைக் கொன்ஸ்தாந்திநோபிளுக்குக் கொண்டுசேர்த்தனர். ஏழாம் நூற்றாண்டில் எகிப்தும் சிரியாவும் அரபுகள் வசமானபின் செங்கடல் வழி உரோமருக்கு மூடிப்போனது.

வணிகம் அற்ற பின்னும் அறிவு அறவில்லை. என்னை மிகவும் ஈர்ப்பது இந்தப் பகுதிதான். உலகம் தட்டையானது என்று நிறுவவே கொஸ்மாஸ் நூல் எழுதினார். ஒன்பதாம் நூற்றாண்டில் மறைமுதுவர் ஃபோத்தியுஸ் அதைப் படித்துக் கடுமையாகக் குறைகூறினார். ஆயினும் அதே நூற்றாண்டில் அது ஓவியங்களோடு படியெடுக்கப்பட்டது. அந்தப் படி இன்று வத்திக்கான் நூலகத்தில் இருக்கிறது. கொஸ்மாஸ் மறுத்த பழைய கிரேக்க அறிஞர் தொலமியின் ‘நிலவியல்’ நூலையும் அதே பண்பாடுதான் காத்தது. 1295ஐ ஒட்டி மாக்சிமோஸ் பிளனூதேஸ் என்னும் துறவி, மறக்கப்பட்டிருந்த அந்நூலைக் கொன்ஸ்தாந்திநோபிளில் தேடிப்பிடித்தார். அதன் பின் எழுந்த கைப்படிகளில் தப்ரபேன், அதாவது இலங்கையின் படம் இடம்பெறுகிறது. தீவின் அளவு பன்மடங்கு பெருத்திருந்தாலும் அதில் ‘மலையா’ என்னும் மலை உண்டு. அதிலிருந்து ஆறுகள் இறங்குகின்றன. அடிவாரத்தில் யானை மேயும் காடுகள் குறிக்கப்பட்டுள்ளன. பதினைந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்நூல் இலத்தீனுக்குப் போய், 1482இல் ஜெர்மனியின் உல்ம் நகரில் படங்களோடு அச்சேறியது. போர்த்துக்கேயர் 1505இல் கொழும்புக்கு வருமுன்பே ஐரோப்பா நம் மலைகளைத் தாளில் பார்த்துவிட்டது.

இனி, மாணிக்க நாடு எது? அரச குடும்பத்தாருக்கு ‘மலையராஜன்’ என்ற பட்டம் அளிக்கப்பட்டதைச் சூளவம்சம் சொல்கிறது. மலைநாடு தனி ஆட்சிப் பகுதியாக எண்ணப்பட்டதை இது காட்டும். இரத்தினபுரியையே பலர் சுட்டுவர். சிவனொளிபாத மலையின் தெற்குச் சரிவு அது. அம்மலையின் மறுபுறத்திலும் மணிக்கல் உண்டு. பொகவந்தலாவையில் தேயிலைச் சரிவுகளுக்கிடையே ஓடும் கெசல்கமுவ ஓயாவின் படுகையில் இன்றும் மாணிக்கக்கல் அகழப்படுகிறது. உயர்ந்த இடத்துக் கோயிலொன்றில் பெரிய பைன் காயளவு செம்மணி கதிரவன் ஒளியில் சுடர்ந்தது என்று கொஸ்மாஸ் எழுதியதைச் சிலர் சிவனொளிபாதத்தோடு இணைத்தனர். அநுராதபுரத் தந்ததாதுக் கோயிலின் உச்சியில் பெருமணி ஒளிர்ந்ததாக ஏழாம் நூற்றாண்டில் சீனத் துறவி யுவான் சுவாங் கூறுவதால், அநுராதபுரமே பொருத்தம் என்பது என் கருத்து. மணி மலையிலிருந்து போயிருக்கலாம். கோயில் மலையில் இருந்திருக்க வேண்டியதில்லை.

கொஸ்மாஸின் பக்கங்களில் அரசர் உண்டு, தூதர் உண்டு, கப்பல் முதலாளி உண்டு. இல்லம் என்னும் மணிக்கல் படிவத்தைத் தேடிச் சேற்றில் இறங்கியவர் எவரும் இல்லை. அவர்களைப் பற்றிச் சொல்லக்கூடியது மண்தான். 1855இல் வெளிவந்த நூலில் சாமுவேல் பேக்கர், நுவரெலியாச் சமவெளியெங்கும் பழங்காலத்தார் மாணிக்கம் தேடித் தோண்டிய குழிகளைக் கண்டதாக எழுதினார். பழைய துறைமுகமான மாந்தையிலும் அநுராதபுரத்திலும் செலவிட்ட உழைப்பில் ஒரு பங்கையேனும் தொல்லியலாளர் இம்மலைக் குழிகளுக்குத் தர வேண்டும். அடிமண்ணில் அகப்படும் கரித்துண்டோ மட்பாண்ட ஓடோ போதும், எந்த நூற்றாண்டில் தோண்டினார்கள் என்று கணிக்க.