காவலர் கோலமும் தண்டமும்

சிலப்பதிகாரக் கொலைக்களக் காதையில் கோவலனைக் கண்ட ஊர்க்காப்பாளர், இவன் கொலைக்குரியவன் அல்லன் எனத் தயங்குகின்றனர். அத்தயக்கத்தைப் போக்கப் பொற்கொல்லன் கூறும் செய்திகளுள் ஒன்று ஈண்டு நோக்கத்தக்கது. தூதன் கோலத்தோடு வாயிலில் இருந்த கள்வன் ஒருவன், இருளில் பெண் கோலத்தோடு உட்புகுந்து, துயின்ற இளவரசன் ஆரத்தைக் கவர்ந்தான் என்கிறான் அவன். பொற்கொல்லன் வஞ்சகனே, ஆயினும் அதிகாரக் கோலம் வாயிலைத் திறக்கும் என்பது கேட்போர் நம்பத்தக்க செய்தியாகவே இருந்தது.

எனினும் ஊர்க்காவலன் கோலம் பூண்டு ஏய்த்தல் எளிதாயது பிற்காலத்தே என்பது எம் கருத்து. பழைய காவல்முறையில், அவனியாபுரம் போன்ற மதுரைச் சுற்றூர்களை உள்ளிட்ட சமவெளியில், காவற்காரன் ஊரார் முகமறிந்தவன். அவன் பெற்றது காவற்கூலி. களவுபோன மாட்டை மீட்டுத்தரப் பெற்றது துப்புக்கூலி. (காவற்காரரே களவுக்கு உடந்தை என்ற முறையீடு முற்றி, 1896-இல் திண்டுக்கற் பகுதியில் காவல் எதிர்ப்புக் கிளர்ச்சியாயிற்று, ஆதலின் அம்முறையை மிகப் புகழ்தற்கில்லை.) முகத்தால் அறியப்படுவானைப் போல நடித்தல் அரிது. 1859-ஆம் ஆண்டின் 24-ஆம் சட்டம் சென்னை மாகாண மாவட்டங்களில் ஊதியம் பெறும் காவற்படையை நிறுவியபின், ஊரார்க்கு முன்பின் அறியாதவனும் காவலனாக வந்தான். அவனை அறிவித்தது உடையே.

மறு ஆண்டே, 1860-இல், இந்தியத் தண்டனைச் சட்டம் இயற்றப்பெற்றது. பொது ஊழியர் அனைவர்க்கும் பொதுவாக அது இருவகைக் குற்றம் வகுத்தது. வகிக்காத பதவியை வகிப்பதாக நடித்து, அப்பதவியின் பெயரால் செயல் புரிதலும் முயலுதலும் 170-ஆம் பிரிவின்பாற்படும். தண்டனை ஈராண்டு வரை சிறை, அன்றேல் தண்டம், அன்றேல் இரண்டும். பிறர் மெய்யென நம்பவேண்டும் என்னும் கருத்தோடு உடையோ அடையாளமோ தாங்குதல் மட்டும் 171-ஆம் பிரிவு. மூன்று திங்கள் வரை சிறை, அன்றேல் 200 ரூபாய் வரை தண்டம், அன்றேல் இரண்டும். அக்கருத்தின்மையால், மேடையில் காவலர் உடை பூணும் கூத்தன் குற்றவாளி ஆகான்.

அந்த 200 ரூபாய் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் மாறாது நின்றது. 2024 சூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 205-ஆம் பிரிவு அதனை 5,000 ஆக்கிற்று, சிறைக்காலம் மாறவில்லை. 204-ஆம் பிரிவோ ஆறு திங்களுக்குக் குறையாது மூன்றாண்டு வரை சிறையும், உடன் தண்டமும் விதிக்கிறது. தண்டத்தோடு விட்டுவிடும் உரிமை நடுவர்க்கு இப்பிரிவில் இல்லை. இதனால், கோலம் பூண்டவன் அதிகாரச் செயல் ஒன்றனைச் செய்தானா, செய்ய முயன்றானா என்னும் வினா முன்னினும் எடை பெறுகின்றது. ஆறு திங்களேனும் சிறையா, தண்டம் மட்டுமா என்பது அதன் விடையைப் பொறுத்தது.