வகுப்பு முறையும் வகுப்பில்லா முறையும் (மேசைப் பாத்திர விளையாட்டு)

மேசையைச் சுற்றி அமர்ந்து, ஒவ்வொருவரும் ஒரு கற்பனை மாந்தரின் பாத்திரத்தை ஏற்று, பேச்சாலும் பகடையாலும் கதையை நகர்த்தும் ஆட்டம் மேசைப் பாத்திர விளையாட்டு எனப்படுகிறது. இதில் பாத்திரத்தை உருவாக்க இரண்டு முறைகள் உள்ளன. வீரன், மந்திரவாதி போன்ற ஒரு வகுப்பைத் தேர்ந்து அதற்குரிய திறன்களை மொத்தமாகப் பெறுவது ஒன்று. வகுப்பு ஏதுமின்றித் திறன்களைத் தனித்தனியாகச் சேர்த்துக்கொள்வது மற்றொன்று.

தோற்றம்

கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னிசன் இருவரும் உருவாக்கிய 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' 1974ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளியானது. சிறு பொம்மைகளைப் படைகளாக நிறுத்தி ஆடும் போர் ஆட்டங்களிலிருந்து கிளைத்தது இது. அந்த ஆட்டங்களில் ஒரு பொம்மை குதிரைப்படையா வில்படையா என்று தெரிந்தால் அதன் வலிமையும் தெரிந்துவிடும். புதிய ஆட்டத்திலும் வீரன், மந்திரவாதி, சமயகுரு என மூன்று வகுப்புகள் இருந்தன. மந்திரவாதி கவசம் அணியக் கூடாது. சமயகுரு கூர்முனை ஆயுதம் ஏந்தக் கூடாது. ஒருவரின் குறையை மற்றவர் ஈடுசெய்ய வேண்டியிருந்ததால் குழுவாக ஆடுவது கட்டாயமாயிற்று.

1975இல் 'கிரேஹாக்' இணைப்பு நூல் திருடன் என்னும் வகுப்பைச் சேர்த்தது. பூட்டைத் திறப்பது, பொறியை அகற்றுவது, ஓசையின்றி நடப்பது ஆகியவை அவனுக்குரிய திறன்களாயின. அதுவரை எந்தப் பாத்திரமும் முயன்று பார்த்த செயல்களை இனி மற்றவர்கள் செய்யலாமா என்ற கேள்வி எழுந்தது. ஒரு வகுப்புக்கு அளிக்கும் உரிமை பிறருக்கு மறுப்பாகவும் மாறும் என்பதே இந்த விவாதத்தின் மையம்.

மாற்று வழிகள்

1977இல் மார்க் மில்லரின் 'டிராவலர்' வெளிவந்தது. இதில் பாத்திரம் கடற்படை, தரைப்படை போன்ற பணிகளில் நான்காண்டுத் தவணைகளாகப் பணியாற்றித் திறன்களைப் பெறும். பகடை சாதகமாக விழாவிட்டால் ஆட்டம் தொடங்கும் முன்பே இறந்தும் போகலாம். 1978இல் வந்த 'ரூன்குவெஸ்ட்' ஆட்டத்தில் வாளும் மந்திரமும் எல்லோருக்கும் பொது. பயன்படுத்தி வெற்றி கண்ட திறனே வளரும். 'சாம்பியன்ஸ்' (1981), 'கர்ப்ஸ்' (1986) ஆகியவை பகடையை விடுத்துப் புள்ளிகளைக் கொடுத்து, திறன்களை விலைக்கு வாங்கச் செய்தன. குறைபாடுகளை ஏற்றால் கூடுதல் புள்ளிகள் கிடைக்கும்.

மதிப்பீடு

வகுப்பில்லா முறை சுதந்திரம் தருகிறது. ஆனால் நீண்ட பட்டியலையும் கணக்கையும் கண்டு புதியவர்கள் தயங்குகிறார்கள். வகுப்பு முறையில் ஒரு சொல்லைத் தேர்ந்தாலே ஆடத் தொடங்கலாம். குழுவில் தன் பங்கு என்ன என்பதும் விளங்கும்.

காலப்போக்கில் இரண்டும் நெருங்கின. 2000இல் வந்த 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' மூன்றாம் பதிப்பு, நிலை உயரும்போதெல்லாம் வேறு வகுப்பில் சேர வழிவிட்டது. பொதுத் திறன்களையும் தந்தது. மறுபுறம் 'கர்ப்ஸ்', தொழில்களுக்கேற்ற ஆயத்தத் தொகுப்புகளைப் பின்னாளில் வழங்கியது. எனினும் வேறுபாடு மறையவில்லை. வகுப்பு முறையில் பாத்திரம் யார் என்பது முதலில் முடிவாகி, அதன்பின் அது செய்யக்கூடியவை அமைகின்றன. வகுப்பில்லா முறையில் அது செய்யக்கூடியவற்றிலிருந்தே அது யார் என்பது உருவாகிறது.